ஒவ்வொரு அடிக்கும் ஒரு பேஜ்

அன்புள்ள முரளி,

நாலு மாதமாகப் பதில் போடாமல் இருந்துவிட்டேன், தப்புதான். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? சுந்தரைப் பார்த்தேன், அந்தக் குடையை இன்னும் அவன்தான் வைத்திருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு சி புரோகிராம் என் மூன்று இரவுத் தூக்கத்தைத் தின்றுவிட்டது. லட்சம் வரிசை, வரிசைக்கு 1024 எண்கள், எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ரேம் தாராளமாக இருந்தது, டிஸ்க் பக்கம் போகவே இல்லை, ஆனாலும் நகர மாட்டேன் என்றது. மூன்றாம் இரவு பென்சிலை எடுத்து முகவரிகளை எழுதிப் பார்த்தேன். எண்ணுக்கு 4 பைட், 1024 எண்ணுக்கு 4096 பைட். நினைவகத்தை 4096 பைட் துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்களே, அந்தத் துண்டுதான் பேஜ். ஒரு வரிசை என்பது அப்படியே ஒரு பேஜ்டா! நானோ மேலிருந்து கீழாக, ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்த பேஜுக்குத் தாவிக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

புரோகிராமுக்குத் தெரியும் முகவரி ரேமின் நிஜ முகவரி இல்லையே. அதன் கடைசி 12 பிட் பேஜுக்குள் எந்த இடம் என்று சொல்லும், மேலே இருப்பது பேஜ் எண், அந்தப் பேஜ் ரேமில் எங்கே கிடக்கிறது என்பதை பேஜ் டேபிள் என்ற அட்டவணையில் தேட வேண்டும். 64 பிட் இன்டெல் சிப்பில் அது வழக்கமாக நாலு அடுக்கு, அதாவது ஒரு எண்ணைப் படிக்க நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் கிடைத்த பதில்களைச் சிப் தனக்குள்ளேயே டிஎல்பி என்ற சின்ன இடத்தில் வைத்துக்கொள்கிறது. லட்சம் பேஜைத் தொட்டுவிட்டு முதல் பேஜுக்குத் திரும்பினால் பழைய பதில் அங்கே எப்படி இருக்கும்? அண்மையில் தொட்ட எண்களைச் சிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் கேஷும் கூடவே அடிவாங்கியது, அது தனிக் கதை.

ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த இரண்டு ஃபார் லூப் வரிகளை இடம் மாற்றினேன். ஒரு பேஜுக்குள் நுழைந்தால் 1024 எண்ணையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. நிமிர்ந்து உட்காருவதற்குள் விடை வந்துவிட்டது, எனக்குச் சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது.

'இதெல்லாம் ஓஎஸ், அதான் ஆபரேட்டிங் சிஸ்டம், பார்த்துக்கொள்ளும்' என்பாய் நீ, இதில்தான் உன்னோடு சண்டை. 1962-இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினி 512 சொற்கள் கொண்ட பேஜ்களை டிரம் என்ற மெதுவான காந்த உருளைக்கும் வேகமான கோர் நினைவகத்துக்கும் இடையே தானே மாற்றிப் போட்டது, இரண்டும் புரோகிராம் எழுதுகிறவருக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று. எவ்வளவு பெரிய உபகாரம்! ஆனால் எதற்குப் பின் எதைக் கேட்பது என்பதை ஓஎஸ் நமக்காக முடிவு செய்யாதே.

அப்புறம், படத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பும் உன் புரோகிராம் இழுக்கிறது, ரேம் கூட்டப் போகிறேன் என்றாயே, கொஞ்சம் பொறு. அதில் படிப்பது குறுக்கே போனால் எழுதுவது நெடுக்கே போகும், லூப்பை மாற்றினால் மட்டும் போதாது. சின்னச் சின்னச் சதுரமாக வெட்டித் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

உன்,
சேகர்