பதினோராம் பக்கம்

கண்ணம்மா,

புது வேலைக்கு ஒப்பந்தம் வந்திருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம். சந்தோஷம். உனக்குப் பணம் தர வேண்டிய அந்தப் பழைய ஆளைப் பற்றி மூன்று மாதமாக நீயும் பேசுவதில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

இந்தத் தடவை கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. பணம், கெடு எல்லாம் பேசிக் களைத்த பிறகுதான் அந்த ஆர்பிட்ரேஷன் ஷரத்து வரும். அது இருந்தால் தகராறுக்குக் கோர்ட் கிடையாது, நடுவர்தான். அவருடைய ஃபீஸை இரண்டு தரப்பும்தான் கொடுக்க வேண்டும். மூன்று நடுவர் என்று இருந்தால் ஒருவர் போதும் என்று கேள். உன் பில்லைவிட அவர்கள் ஃபீஸ் அதிகமாகிவிட்டால் ஜெயித்து என்ன பயன்? சின்னத் தொகை என்றால் கோர்ட்டுக்கே போகலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்.

அப்புறம், நடுவரை 'கம்பெனி நியமிக்கும்' என்று இருந்தால் விடாதே. இருவரும் சேர்ந்து, ஒத்துவராவிட்டால் வெளி அமைப்பு ஒன்று நியமிக்கட்டும். 'சீட்' என்று, அதாவது நடுவர் விசாரணைக்குச் சட்டப்படி எந்த ஊர் என்று, ஓர் ஊர்ப் பெயர் இருக்கும், கண்ணிலேயே படாது. விசாரணையை வீடியோவில்கூட நடத்தலாம். ஆனால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டால் சீட் இருக்கும் ஊர்க் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் நடுவர் கணக்கைத் தப்பாகப் போட்டார் என்றெல்லாம் சாதாரணமாக அப்பீல் செய்ய முடியாது.

ஆர்பிட்ரேஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர் என்றால் அதுதான் கைகொடுக்கும். 1958 நியூயார்க் ஒப்பந்தத்தில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. நடுவர் தீர்ப்பை அங்கெல்லாம் அமல்படுத்தக் கேட்கலாம். கோர்ட் தீர்ப்புக்கு அவ்வளவு வீச்சு இல்லை.

கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படாதே. நான் முப்பது வருஷம் ஒரே இடத்தில் இருந்தவன், வேலைக்கென்று கையெழுத்துப் போட்டது ஒரே தடவை. நீ மாதத்துக்கு ஒன்று போடுகிறாய். உன் தைரியம் எனக்கு வராது. ஆனால் படிக்காமல் போடாதே.

இதைச் சொல்ல எனக்கு வாயில்லை. பழைய ஒப்பந்தத்தில் பதினோராம் பக்கத்தைப் பார்க்கச் சொல்லி ராத்திரி ஃபோன் செய்தாய். "எல்லாத்துலயும் இருக்கறதுதான், போடு" என்றேன். நான் அதைத் திறக்கவே இல்லை, கண்ணம்மா. சித்தப்பா பத்திரத்திலும் இதையேதான் செய்தேன், உனக்குத் தெரியும்.

உன் மெயிலை நேற்றுத்தான் திறந்தேன். மூன்று நடுவர், மூவரும் அவர்கள் போடும் ஆள், சீட்டும் அவர்கள் ஊர். வேலை முடிந்துவிட்டதே என்று பார்த்தால், ஒப்பந்தம் முடிந்தாலும் அந்த ஷரத்து சாகாதாம். "நீங்கதானே போடச் சொன்னீங்க" என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்படி ஒரு தரப்பே நடுவரைப் போடுவது செல்லாது என்று சில நாட்டுக் கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. அந்தச் சீட்டில் எப்படி என்று வக்கீலிடம் கேட்க வேண்டும். ஃபீஸ் நான் கொடுக்கிறேன், அதில் வாதாடாதே. அந்தப் பழைய ஆள் எவ்வளவு தர வேண்டும் என்று மட்டும் எழுது. அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

அப்பா