சேகரம் மாறிப் போகும் தம்பி ஐயருக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி,

மாற்றல் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது என்று போனில் சொன்னீர்கள். சந்தோஷம். தாய்ச்சபை போக கிளைச்சபைகளும் ஒரே ஐயரின், அதாவது ஒரே குருவின், பொறுப்பில் உள்ள பெரிய சேகரம். சபை ஊழியர்கள், ஆபீஸ் கிளார்க், ஆர்கன் வாசிக்கிற பையன், மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை என்று உங்களோடு வேலை செய்யப் பலர் இருக்கிறார்கள். “இத்தனை பேரையும் எப்படி ஐயா ஒரு குழுவாக நடத்துவது?” என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற காரியமா அது? பெட்டி கட்டுகிற வேறு தம்பிமாரும் இருப்பார்களே என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் தனியாகச் சுமக்காமல் பொறுப்பைப் பிரித்துக் கொடு என்று எத்திரோ தன் மருமகன் மோசேக்குச் சொன்ன ஆலோசனையை விட்டுவிடுகிறேன். ஊழியர் கூடுகை என்றாலே அதைத்தான் பிரசங்கிக்கிறோம், கேட்டுவிட்டு வழக்கம்போல எல்லாவற்றையும் நாமே இழுத்துப் போட்டுக்கொள்கிறோம். அதைவிட அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அன்றாடம் உணவு பங்கிடுகிற விசாரணையில் தங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். அதற்காகத் தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? குறை சொன்னவனை அடுத்த கமிட்டியில் ஓரங்கட்டியிருப்போம்.

சபையின் பொதுச் சாப்பாடான அசனத்தின் வரவு செலவைக் குறை சொல்கிறவர் அந்தக் கிளைச்சபையில் ஒருவர் இருக்கிறார் என்றீர்களே, அவரையே இந்த வருஷம் அரிசி, காய்கறி வாங்குகிற பொறுப்பில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் நம்ம வெள்ளாளன்விளை அசரியா ஐயர். 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அவர் பேசியதைக் கடைசியில் “எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்” என்று கேட்ட ஒற்றை வரிக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பேச்சின் பெரும்பகுதி சம்பளம் கொடுக்கிற மிஷனெரிக்கும் சம்பளம் வாங்குகிற இந்திய ஊழியருக்கும் நடுவில் இருந்த எஜமான்–வேலையாள் உறவைப் பற்றியது. இரண்டு வருஷம் கழித்து, 1912-இல், அவரே தோர்ணக்கல்லுக்குப் பேராயர் ஆனார். வெள்ளைக்கார மிஷனெரிகள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஐயர் குடியிருக்கிற குருமனை வராந்தாவில் சபை ஊழியர் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிற காட்சியை இன்றைக்கும் எத்தனை ஊரில் பார்க்கலாம்!

முதல் வாரத்திலேயே அதை மாற்றிவிடுங்கள். வருகிறவர் உட்காரட்டும், ஒரு காப்பி குடிக்கட்டும். குருமனைக்குத் தண்ணீர் பிடிப்பது, பிள்ளையை டியூஷனில் விடுவது, சபை ஊழியரின் வீட்டம்மாவைச் சமையலுக்குக் கூப்பிடுவது, இவை எதுவும் வேண்டாம். ஐயரம்மாவிடமும் இதைச் சொல்லிவையுங்கள். கொஞ்சம் சங்கடமான பேச்சுதான், ஆனாலும் பேசிவிடுங்கள்.

நான் உதவிக்குருவாக இருந்த ஒரு சேகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கிளைச்சபைப் பெண் ஒருத்தியின் கல்யாண ஓலை, அதாவது கல்யாணத்துக்கு முன் சபையில் வாசிக்கிற அறிவிப்பு, தாய்ச்சபையில் வாசிக்கப்பட்டது. அவளுடைய சொந்தச் சபையில் வாசிக்கப்படவில்லை. பெண் வீட்டார் கொதித்துப்போய் வந்தார்கள். சபை ஊழியர், “எனக்குச் சீட்டே வரவில்லை” என்றார். கிளார்க், “கொடுத்தனுப்பிவிட்டேன்” என்றார். விளக்கக் கடிதம் வாங்க வேண்டும் என்று கமிட்டியில் ஒரே சத்தம். பெரிய ஐயர் யார் தப்பு என்று கேட்கவே இல்லை. “சீட்டு எந்த இடத்தில் நின்றது?” என்று மட்டும் கேட்டார். விசாரித்தால், அந்தப் பக்கம் பைக்கில் போகிற யாரோ ஒருவரிடம் கொடுத்துவிடுவதுதான் வழக்கமாம். அந்த ஆளின் சட்டைப்பையில் சீட்டு இருந்தது. ஐயர் அன்று சாயங்காலமே பெண் வீட்டுக்குப் போய்த் தாமே மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து ஆபீஸ் மேசையில் ஒரு நோட்டு இருந்தது. சனிக்கிழமை காலை எல்லா ஊழியரும் வந்து, தங்கள் சபையில் வாசிக்க வேண்டிய ஓலை, ஞானஸ்நானம், அறிவிப்பு எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. இருந்தாலும் நோட்டை விடாதீர்கள். கையெழுத்துப் போட வருகிறவர்கள்தான் கால்மணி நேரம் உட்கார்ந்து, யார் வீட்டில் சீக்கு, யார் கோயிலுக்கு வருவதில்லை என்று உங்களுக்குச் சொல்வார்கள்.

அந்தச் சனிக்கிழமைக் கூடுகையில் கோயில்பிள்ளையும் இருக்க வேண்டும். நம்மைப் போன்ற ஐயர்மார் வருவோம், போவோம், அவர் அங்கேயேதான் இருப்பார். எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆராதனை நேரம் மாறினால் சபைக்கு அறிவிக்கும்போதுதான் அவருக்கே தெரிய வருகிறது. மணி அடிக்கிறவருக்கு முதலில் சொல்ல வேண்டாமா?

சம்பளம். பேராயரின் நிர்வாகமான அத்தியட்சாதீனத்தின் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு ஸ்கேல் இருக்கிறது. சேகரமே கொடுக்கிறவர்களுக்கு கமிட்டி மனசு வைத்தால்தான் உண்டு. காம்பவுண்டு சுவருக்கும் பெயின்டுக்கும் லட்சக்கணக்கில் பிரிக்கிற சபை, கோயில்பிள்ளைக்கு ஐந்நூறு ரூபாய் கூட்டிக்கொடுக்க மூன்று கூட்டம் போடும். அந்த இடத்தில் வாயைத் திறக்க வேண்டியவர் நீங்கள். டிசம்பர் முழுக்க கேரல் ரவுண்டு, 25 அதிகாலை ஆராதனை, 31 நடுராத்திரி ஆராதனை என்று ஓடுகிறவர்களுக்குக் குடும்பத்தோடு கிறிஸ்துமஸே கிடையாது. ஜனவரியில் அவர்களுக்கு முறை போட்டு லீவு கொடுங்கள். கமிட்டியில் சத்தம் வந்தால் உங்கள் பெயரில் வரட்டும்.

ஒருவர் வந்து இன்னொருவரைப் பற்றி உங்கள் காதில் போட்டால், “சரி, அவரையும் கூப்பிட்டு வைத்துப் பேசுவோமா?” என்று கேளுங்கள். பாதிக் கதை அங்கேயே நின்றுவிடும். காணிக்கையை எப்போதும் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும், எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும். ஓய்வுநாள் பள்ளியிலோ விடுமுறை வேதாகமப் பள்ளியான வி.பி.எஸ்.ஸிலோ ஒரு பிள்ளையிடம் ஒருவர் தப்பாக நடந்தார் என்று தெரிந்தால் அதைச் சபைக்குள் பேசி முடிக்கிற வேலையே கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012 போக்சோ சட்டப்படி போலீசில் தெரிவித்தாக வேண்டும். சபை மானம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் கறாராக இருங்கள்.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், பவுல் சொல்லச் சொல்ல எழுதின தெர்தியு, நடுவில் தன் பெயரிலும் ஒரு வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறான். பவுல் அதை அடிக்கவில்லை. பண்டிகை அறிக்கையில் ஐயர் பெயரும் கமிட்டி பெயரும் மட்டும் வருகிற ஊர்களில் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

ஆர்கன் வாசிக்கிற பையனை மாற்றிவிடலாமா என்றும் கேட்டீர்கள். பழைய ஐயர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாட்டு நம்பரை அவனுக்கு எப்போது கொடுக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். ஞாயிறு காலை இரண்டாம் மணி அடிக்கும்போது கொடுத்தால் யார் வாசித்தாலும் தடுமாறத்தான் செய்யும். வெள்ளிக்கிழமையே கொடுத்து ஒரு மூன்று மாதம் பாருங்கள். அதற்குப் பிறகும் சரியில்லை என்றால் நீங்களே தனியாக உட்கார்ந்து அவனிடம் சொல்லுங்கள், செயலரை அனுப்பாதீர்கள்.

குருமனைக்குச் சாமான் ஏற்றுகிற தேதியைச் சொல்லுங்கள். ஐயரம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம்.

அன்புடன்,
உங்கள் மூத்த உடன் ஊழியன்