கடிகாரம் காட்டாத களைப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் உடற்பயிற்சிக் கட்டுரையில், 220இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 70 சதவீத நாடித்துடிப்பை எட்டச் சொல்லியிருந்தீர்கள். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அப்படி அடிபட்டு ஒன்பது ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இதயத்தை முடுக்கிவிடும் நரம்புகள் மார்புப் பகுதித் தண்டுவடத்தின் மேல் கணுக்களிலிருந்து கிளம்புகின்றன. கழுத்தில் முழுமையாக அறுபட்டால் மூளையின் உத்தரவு அவற்றுக்குப் போய்ச் சேராது. எவ்வளவு முக்கினாலும் துடிப்பு பெரும்பாலும் 110, 120, மிஞ்சினால் 130தான். இடுப்புப் பகுதியில் காயம்பட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எனக்கு வயது 42. கட்டுரைக் கணக்குப்படி 125 வர வேண்டும். முதலில் எனக்குப் பயிற்சி தந்தவரும் இதையே நம்பினார். கையால் சுற்றும் சைக்கிளின் பிடியில் என் விரல்கள் தாமாக நிற்காது. பட்டி போட்டுக் கட்டிவிடுவார்கள். கைக்கடிகாரம் 108 காட்டியது. "இன்னும் உடம்பே சூடாகவில்லை சார், வேகமாகச் சுற்றுங்கள்" என்றார். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன்; மூச்சு வாங்கியதில் சொல் வரவில்லை. என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். மறுநாள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறத் தோள் ஒத்துழைக்கவில்லை. எங்களுக்குத் தோள்தான் கால்.

இப்போதைய பிசியோதெரபிஸ்ட் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. "கைக்குப் பத்துக்கு எத்தனை? மூச்சுக்கு எத்தனை?" என்று களைப்பைத் தனித்தனியாகக் கேட்கிறார். பேச வரும், பாட வராது என்றால் மூச்சுக்கு 5 என்பது எங்களுக்குள் ஏற்பாடு. மூச்சு 4இல் இருக்கும்போதே கை 8க்குப் போய்விட்டால் சைக்கிளின் இறுக்கத்தைக் குறைப்பார். கையின் சிறிய தசைகள் முதலில் சோர்ந்துவிடுவதால் கையைத் தனியாகக் கேட்பது முக்கியம். ஆரம்பத்தில் நான் எதற்கெடுத்தாலும் 6 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சில வாரம் பழகிய பிறகே எண்ணுக்கு அர்த்தம் வந்தது.

உழைப்பை எண்ணால் சொல்லும் முறையைப் பரப்பியவர் சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க். அவருடைய பழைய அளவு 6இல் தொடங்கி 20இல் முடியும். பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நாடித்துடிப்பு வரும். அந்தப் பெருக்கலும் எங்களிடம் பலிக்காது!

ஒருநாள் ஐந்தாவது நிமிடத்திலேயே "9" என்றேன். தலை விண்விண் என்று தெறித்தது, முகமெல்லாம் வியர்வை. பிசியோதெரபிஸ்ட் உடனே சைக்கிளை நிறுத்தி, என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்தினார். சிறுநீர் வடிவதற்காகப் பொருத்திய குழாய் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது. கீழே உணர்வில்லாததால் எனக்குத் தெரியவில்லை. மார்பின் ஆறாம் கணுவிலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு இப்படி ரத்த அழுத்தம் திடீரென எகிறும். சிறுநீர்ப்பை நிரம்பினாலே போதும். அதைப் பயிற்சியின் களைப்பென்று நினைத்துத் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

தண்டுவடக் காயம்பட்டோருக்காக 2018இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை, உடல் திறனுக்கு வாரம் இருமுறை 20 நிமிடம், நடுத்தரம் முதல் கடினம் வரையிலான பயிற்சியோடு தசை வலுப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அந்த நடுத்தரத்தை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை, அடுத்த முறை நாடித்துடிப்பு அட்டவணை போடும்போது அதன் கீழே இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்