லொஃப்ட் அறையில் அந்த இரண்டு அங்குல இடைவெளி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹீட்டிங் செலவைக் குறைப்பது பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையில் ஒரு வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. லொஃப்ட்டில், அதாவது ஓட்டுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள இடத்தில், குளிரைத் தடுக்கிற இன்சுலேசன் பஞ்சை 270 மில்லிமீற்றர் தடிப்புக்குப் போடுங்கள், ஒரு மூலைகூட விடாமல் அடைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். 270 என்ற கணக்கு சரிதான். ஆனால் அது ஆள் புழங்காத வெறும் லொஃப்ட்டின் தரையில், கீழ் அறையின் சீலிங்குக்கு மேலே விரிக்கிற பஞ்சுக்கான கணக்கு, அங்கேயும் கூரையின் கீழ் விளிம்பு வரை அடைக்கக் கூடாது, காற்று உள்ளே வருகிற வழி அதுதான். லொஃப்ட்டை அறையாக்கிப் பிள்ளையைப் படுக்க வைத்திருக்கிறவர்கள் இந்த வரியை நம்பி அப்படியே செய்தால் என்ன நடக்கும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

எங்களுடையது லண்டன் ஹரோவில் 1930களில் கட்டிய, ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டிய செமி வீடு. முன்பு இருந்தவர்கள் லொஃப்ட்டை அறையாக்கியிருந்தார்கள், சரிவுச் சீலிங்குக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, மாரியில் மகன் இரண்டு போர்வையோடு படுப்பான். ஆள் பிடித்து வேலை செய்வித்தோம். வந்தவர்கள் ஓட்டைத் தாங்குகிற நான்கு அங்குலக் கைமரங்களுக்கு நடுவே பஞ்சைத் திணித்து, பிளாஸ்ரர்போர்ட் அடித்து, மூன்று நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். அறை நல்ல கதகதப்பாகத்தான் இருந்தது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். தை மாதம் சரிவில் மண்ணிறக் கறை வந்தது, பிறகு சொட்டவும் தொடங்கியது. ஓடு உடைந்திருக்கும் என்று ஒருவர் சொல்ல ஏழெட்டு ஓடு மாற்றினோம், காசு போனதுதான் மிச்சம். என் கணவர்தான் ஒன்றைக் கவனித்தார்: மழை பெய்கிற நாளில் சொட்டு இல்லை, இரவு பனி உறைந்து வானம் வெளித்திருக்கிற காலைகளில், வெயில் ஓட்டில் பட்டுக் கொஞ்ச நேரத்தில்தான் சொட்டுகிறது.

அப்புறம் வந்த, வீட்டைப் பரிசோதிக்கிற சேர்வேயர் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டினார். பஞ்சு நனைந்து தொங்கியது, ஓட்டுக்குக் கீழே இருக்கிற கறுத்த தார் விரிப்பான ஃபெல்ட்டின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளி, கைமரங்களில் பூஞ்சணம். அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவே இல்லை. எங்கள் மூச்சும் குளிப்பும் சமையலும்தான் மேலே ஏறிப் போய் இரவில் ஃபெல்ட்டில் உறைந்து, வெயில் பட்டதும் உருகி இறங்கியிருக்கிறது.

குசினியில் இடியப்பம் அவிக்கும்போது யன்னல் கண்ணாடி வியர்க்கிறதே, அதே விஷயம்தான். 20 பாகை வெப்பமும் 60 வீத ஈரப்பதனும் உள்ள காற்று 12 பாகைக்குக் கீழே இருக்கிற எதில் பட்டாலும் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும், மாரி இரவில் ஃபெல்ட் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். முன்பு அறையின் சூடு கசிந்து ஃபெல்ட்டைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டிருந்தது, பின்னால் காற்றும் ஓடி அதை உலர்த்தியது. பஞ்சு போட்டதும் சூடு நின்றது, ஃபெல்ட் முன்பைவிடக் குளிர்ந்தது, காற்று போகிற வழியையும் அதே பஞ்சே அடைத்துவிட்டது. பழைய தார் ஃபெல்ட் நீராவியை வெளியே விடாது. புதிய வீடுகளில் நீராவியை வெளியே விடுகிற படலம் போடுகிறார்கள், அதன் கதை வேறு. ஆகவே முதலில் உங்கள் ஓட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள், பிறகு பஞ்சு வாங்கலாம்.

பழைய ஃபெல்ட் என்றால் அதற்கும் இன்சுலேசனுக்கும் நடுவே 50 மில்லிமீற்றர், அதாவது இரண்டு அங்குலம், கீழ் விளிம்பிலிருந்து முகடு வரை வெறுமையாக இருக்க வேண்டும். கீழே காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி வேண்டும், ஒரு முனை அடைபட்டாலும் பிரயோசனம் இல்லை. நாங்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கைமரங்களுக்கு நடுவே 50 மில்லிமீற்றர் ஃபோயில் ஒட்டிய கட்டி ஃபோம் பலகையும், கைமரங்களுக்குக் கீழே குறுக்காக இன்னொரு 50-உம் போட்டோம். பொருத்துகளையெல்லாம் ஃபோயில் டேப்பால் ஒட்டி, அறைப் பக்கம் நீராவி போகாத பொலித்தீன் படலம் விரித்து, அதற்கு மேல்தான் பிளாஸ்ரர்போர்ட். சீலிங்கில் துளை போட்டுப் பதித்த விளக்குகளை எடுத்துவிட்டோம், ஒவ்வொரு துளையும் ஈரக் காற்று மேலே ஏறுகிற வாசல். தலை உயரம் இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைந்தது, மகன் இப்போது குனிந்துதான் கட்டிலுக்குப் போகிறான், ஆனால் அந்த இடைவெளியை விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கவில்லை.

இன்னொன்றும் அகப்பட்டது. பாத்ரூம் ஃபேனின் குழாய் வெளியே போகவே இல்லை, கூரையின் பக்க இடுக்குக்குள் திறந்தபடி கிடந்தது. இத்தனை வருடமாகக் குளிக்கிற ஆவியை நாங்களே கூரைக்குள் ஊதிக்கொண்டிருந்திருக்கிறோம்! தயவுசெய்து உங்கள் வீட்டில் ஒரு டோர்ச் எடுத்துப் போய்ப் பாருங்கள். பாத்ரூம் ஃபேன் செக்கனுக்கு 15 லீற்றர் காற்றையாவது வெளியே தள்ள வேண்டும் என்பது இங்கிலாந்துக் கட்டட விதி. அதேபோல யன்னலுக்கு மேலே இருக்கிற சின்னக் காற்றுத் துவாரத்தைக் குளிருது என்று டேப் போட்டு ஒட்டாதீர்கள். ஒரு தடவை துவைத்த உடுப்பை அறைக்குள் காயப்போட்டால் சுமார் இரண்டு லீற்றர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. இங்கே மாரியில் வெளியே காயாது, எனக்கும் தெரியும், அப்படியானால் பாத்ரூமில் போட்டுக் கதவைச் சாத்தி ஃபேனை ஓட விடுங்கள். ஈரப்பதன் காட்டுகிற சின்னக் கருவி பத்துப் பவுணுக்குள் கிடைக்கும், மகன் அறையில் ஒன்று தொங்குகிறது, 60-ஐத் தாண்டினால் யன்னலைத் திறக்கிறோம்.

வாடகைக்கு இருக்கிறவர்களே, வீட்டுக்காரர் 'நீங்கள் சமைக்கிற முறைதான் பிழை' என்று சொல்லிவிட்டுப் போக விடாதீர்கள். 2020 டிசம்பரில் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை பூஞ்சணம் பிடித்த வீட்டில் வாழ்ந்து மூச்சு நோயால் இறந்தது, வீட்டை நிர்வகித்தவர்கள் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையைத்தான் குறை சொன்னார்கள். அந்தக் குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 ஒக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்குக் கொடுக்கிற சமூக வீடுகளில் பூஞ்சணத்தைக் கவனிக்கக் காலக்கெடு வைத்திருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

வயதானவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, கூரைக்குள் ஸ்பிரே ஃபோம் அடித்துத் தருகிறோம் என்பவர்களுக்கும் அவசரப்பட்டு ஓம் சொல்ல வேண்டாம். அது கைமரத்தை மூடிவிடும், உள்ளே உக்கினாலும் தெரியாது, அப்படியான வீட்டுக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் பின்வாங்குகின்றன.

ஆசிரியரே, அந்த வரியை அடுத்த இதழிலேயே திருத்துங்கள். நவம்பர் வந்துவிட்டது, இந்தச் சனி ஞாயிறில் எத்தனை பேர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுப் பஞ்சு உருளையோடு ஏணி ஏறப்போகிறார்களோ தெரியாது. நனைந்த பஞ்சும் கறுத்த கைமரமுமாக நாங்கள் எடுத்த படங்கள் இருக்கின்றன, போடுவதென்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஹரோவிலிருந்து ஒரு வாசகி