உலக ரக்பிக்கு அட்டவணை போடும் பெரியவர்களுக்கு, ஃபிஜியின் தலைநகர் சுவாவிலிருந்து ஒரு மடல்

பெருமதிப்புக்குரியவர்களுக்கு, வணக்கம்.

இந்த ஜூலை அட்டவணையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் போட்டதுதான், உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்ட ஆசை. 2026 ஜூலை 4, வேல்ஸுடன், கார்டிஃபில். ஜூலை 11, இங்கிலாந்துடன், லிவர்பூலில். ஜூலை 18, ஸ்காட்லாந்துடன், எடின்பரோவில். மூன்றுமே ஃபிஜி 'சொந்த மண்ணில்' ஆடும் ஆட்டங்களாம்.

வடக்கு நாட்டு அணிகள் தங்கள் கோடையில் தெற்கே சுற்றுப்பயணம் வருவது நூறு வருஷத்துக்கு மேலாக உள்ள வழக்கம். அதை ஒரு போட்டியாக்கி நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் என்று புதுப் பேர் வைத்த பிறகும் நியூசிலாந்துக்குப் போகிறார்கள், ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள், ஜப்பானுக்கும் போகிறார்கள். இங்கிலாந்து அணி முதல் வாரம் தென்னாப்பிரிக்கா, மூன்றாம் வாரம் அர்ஜென்டினா. நடுவில் ஃபிஜியுடன் 'வெளியூர் ஆட்டம்', அது லிவர்பூலில்! சுற்றுப்பயணத்துக்கு நடுவே வீட்டுக்குப் போய்த் துணி துவைத்துக்கொண்டு கிளம்ப இதைவிட வசதி கிடைக்காது. நாங்களோ சொந்த மண்ணில் ஆட ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர் பறக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்து 2028 ஜூலையில் இந்தப் போட்டி வரும்போது, மூன்றில் ஒரு ஆட்டத்தையாவது சுவாவிலோ, ஃபிஜியின் இன்னொரு நகரமான லௌட்டோகாவிலோ நடத்துங்கள். ஒன்றே ஒன்று.

நான் திருநெல்வேலிக்காரன். வேலைக்காக சுவா வந்து 12 வருஷம் ஆகிறது. கிரிக்கெட் பைத்தியமாக வந்து இறங்கியவனை ரக்பிப் பக்கம் இழுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. ஃபிஜி மொழியில் பாட்டிக்கு 'பூபூ' என்பார்கள். எங்கள் தெருவுக்கே அவர் பூபூதான். 1991 ஜூலையில் இங்கிலாந்து அணி சுவாவுக்கு வந்து 28-12 என்று ஜெயித்ததே, அந்த ஆட்டத்தை அவர் நேரில் பார்த்தவர். அப்போது வயிற்றில் நாலு மாதப் பிள்ளை. கூட்டத்தில் யாராவது இடித்துவிடுவார்களோ என்று அவர் புருஷன் ஆட்டத்தைப் பார்க்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பிள்ளைக்கு இப்போது 34 வயது. அவனுடைய மகன் எங்கள் தெருமுனைப் புல்வெளியில் மணல் அடைத்த பிளாஸ்டிக் பாட்டிலை பந்தாக்கி எறிந்து விளையாடுகிறான். 1991-க்குப் பிறகு இங்கிலாந்து அணி ஒரு டெஸ்ட் (ரக்பியில் நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்) ஆடக்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

அட்டவணை வந்ததும் பூபூவிடம் சொன்னேன். இங்கிலாந்துடன் நமக்கு ஹோம் மேட்ச் என்றதும் முகம் மலர்ந்து, டிக்கெட் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டார். எங்கே நடக்கிறது என்று நான் சொன்னபோது சிரித்துவிட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். செல்போனை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், மரவள்ளிக்கிழங்கு வேகவைத்த பானையை இறக்கப் போய்விட்டார்.

பிரிட்டனில் பிற்பகல் 2 மணி என்றால் இங்கே நள்ளிரவு 1 மணி. அலாரம் வைத்து எழுந்து, பிள்ளைகளை எழுப்பி, யங்கோனா என்கிற வேர்ப்பானம் கரைத்து வைத்துக்கொண்டு, டிவி இருக்கிற ஒரு வீட்டில் பத்து வீட்டு ஆட்கள் நெருக்கி உட்கார்ந்து பார்ப்போம். பார்க்காமல் இருக்க மாட்டோம், அது உங்களுக்கும் தெரியும். விடிந்தால் ஞாயிறு. சர்ச்சில் பாதித் தெரு தூங்கி விழும். சொந்த ஊர் ஆட்டத்தைத் தூக்கம் கெட்டுப் பார்க்கிற சனம் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா, சொல்லுங்கள்.

இங்கே மைதானம் சரியில்லை என்று சொல்வீர்களோ? 2025 ஜூலை 12 அன்று இதே சுவாவில்தான் ஸ்காட்லாந்து வந்து ஆடி, 29-14 என்று தோற்றுப் போனது. அன்று எங்கள் வீட்டு மொட்டை மாடி வரை சத்தம் கேட்டது. 1998-லும் 2017-லும் இதே ஊரில் அவர்கள் தோற்றிருக்கிறார்கள். எடின்பரோவே மேல் என்று அவர்களுக்குத் தோன்றினால் நான் குறை சொல்ல மாட்டேன். லௌட்டோகாவில் 'சர்ச்சில் பார்க்' என்ற மைதானத்திலும் 2022 முதல் எங்கள் ஃபிஜி ட்ருவா அணி சூப்பர் ரக்பி லீக் ஆடுகிறது. 2023-இல் அங்கே வந்த நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸ் அணியையே 25-24 என்று சாய்த்தார்கள். மைதானத்தின் பேரே சர்ச்சில் பார்க், உங்களுக்கு அந்நியமாகவும் இருக்காது.

தூரம் என்பீர்களோ? 1903 முதல் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து எங்கள் சனங்களைக் கப்பல் கப்பலாக இங்கே கரும்பு வெட்ட ஏற்றி வந்தபோது உங்கள் பிரிட்டிஷ் முன்னோர்களுக்குத் தூரம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. சர்க்கரைக்குக் கிட்டம், ரக்பிக்குத் தூரமா? சரி, விடுங்கள். ரக்பி கடிதத்தில் இதெல்லாம் எதற்கு?

உண்மையான காரணம் பணம். எனக்குப் புரியாமல் இல்லை. சுவாவில் சுமார் 15,000 பேர் உட்காரலாம், லிவர்பூல் அரங்கில் 50,000 பேருக்கு மேல். இங்கே டிக்கெட் விலையை ஏற்றவும் முடியாது. எங்கள் ரக்பி சங்கமும் இந்த வருமானத்தை நினைத்துத்தான் சரி என்றிருக்கும், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஆட்டம் நடத்துகிறவருக்கே டிக்கெட் வசூல் என்ற வழக்கம் யாருடையது? 2016 நவம்பரில் லண்டனின் ட்விக்கனம் அரங்கில் இங்கிலாந்துடன் ஃபிஜி ஆடியபோது அரங்கம் நிறைந்திருந்தது. அந்த வசூல் இங்கிலாந்துக்கு. ஃபிஜிக்கு 'நல்லெண்ணமாக' ஏதோ கொடுத்தார்கள். வசூலைப் பங்கு பிரிக்கும் வழக்கம் இருந்திருந்தால், பணம் வேண்டுமா ஊர் வேண்டுமா என்று இன்று எங்களைக் கேட்கும்படி ஆகியிருக்காது. எங்கள் பையன்கள் வந்து ஆடினால்தானே உங்கள் அரங்கத்திலும் கூட்டம்? 2023 ஆகஸ்டில் அதே ட்விக்கனமில் 30-22 என்று இங்கிலாந்தை முதல்முறையாக ஜெயித்தவர்கள் இவர்கள்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். 2028 ஜூலையில் ஒரு ஆட்டம் ஃபிஜியில். இங்கிலாந்து வந்தால் ரொம்ப சந்தோஷம். வேல்ஸ் என்றாலும் சரி, அவர்களும் டெஸ்ட் ஆட வந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜூலையில் இங்கே மழை குறைவு, வெயிலும் உறைக்காது. வருகிறவர்களுக்கு மைதான வாசலில் சூடாக ரொட்டி பார்சல் கிடைக்கும். உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டியது, ஒன்று தின்றால் மதியம் வரை பசிக்காது.

பூபூவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. கீழ் வரிசையில் ஒரு இருக்கை கிடைத்தால் நல்லது. டிக்கெட் காசை நானே கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சுவாவில் குடியிருக்கும் ஒரு ரசிகன்