உன் கண் எப்படி இருக்கிறது?

கும்பகோணம்

அன்புள்ள வித்யாவுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி ஒழுகலைச் சரிசெய்தாகிவிட்டது. சின்னவன் சாயங்காலம் கடைக்கு வந்து கணக்குப் பார்க்கிறான். மற்றதெல்லாம் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. இரண்டு கண்ணும் சிவந்து இமை தடித்திருந்தது. கேட்டதற்கு, “பழைய மஸ்காராப்பா, ஒத்துக்கொள்ளவில்லை” என்றாய். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. வேலை இருக்கும், சரி. மஸ்காரா என்றுதானே சொன்னாய், அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் அதைத் தூக்கி எறி. திறந்து மூன்று மாதம் ஆகிவிட்டால் பாதி மீதமிருந்தாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும். குச்சியை எடுத்து இமையில் தடவி மறுபடி உள்ளே செருகும் ஒவ்வொரு தடவையும் கண்ணோரத்துக் கிருமி கூடவே போகிறது. உள்ளே இருட்டும் ஈரமும். கெடாமலிருக்கச் சேர்த்த மருந்துக்கும் நாளாக நாளாக வீரியம் குறையும். காய்ந்துவிட்டது என்று சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்கினால் அந்தக் கொஞ்சமும் நீர்த்துப்போகும். சீவுகிற கண்மை பென்சில் இதைவிடத் தேவலை, நுனியை அவ்வப்போது சீவி எறிந்துவிடலாம். கண்ணில் தொற்று வந்த சமயத்தில் பூசிய எதையும், போன வாரம் வாங்கியதாக இருந்தாலும், திரும்பத் தொடாதே. தோழிக்கும் கொடுக்காதே.

சில கேள்விகள் கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. காலையில் எழும்போது பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறதா? அரிக்கிறதா? மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறதா? வலியோ, வெளிச்சத்தில் கூச்சமோ, பார்வை மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போ. கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கிப் போடாதே, மருந்துக் கடைக்காரனான நானே சொல்கிறேன். ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பை உடனே இறக்கிக் காட்டும். ஆனால் சில தொற்றுகளை உள்ளே வளர்த்துவிடும், கண் அழுத்தத்தையும் ஏற்றும். இது எதுவுமே இல்லாமல், இரவில் சிவந்து வீங்கி மறுநாள் மதியத்துக்குள் தானாக வடிந்துவிட்டது என்றால் அதற்கு மஸ்காரா காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை அம்மா. அப்படி இருந்தாலும் எனக்கு எழுதலாம்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன சிவப்புப் பையை அனுப்பலாம் என்று எடுத்தேன். திறந்து பார்த்ததில் மனம் வருத்தப்பட்டது. வைட்டமின் சி சீரம் கஷாய நிறத்துக்கு வந்துவிட்டது. காற்றும் வெளிச்சமும் பட்டு ஆக்ஸிஜனேற்றம் ஆகிப்போனால் அதில் பலனுக்கு ஒன்றும் இல்லை, சிலருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். ஃபவுண்டேஷன் அடியில் மாவும் மேலே எண்ணெயுமாகப் பிரிந்து நிற்கிறது. ரிசப்ஷனுக்கு வாங்கிய லிப்ஸ்டிக்கில் காறல் எண்ணெய் வாடை. மேலே எண்ணெய் முத்துகள் வேறு. கல்யாணத்துக்கு வாங்கியது என்பதற்காக எதையும் கட்டிக்காக்க வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் வேண்டாம். பவுடர் மட்டும் பரவாயில்லை, ஈரம் இல்லாததால் சீக்கிரம் கெடாது. அதற்குள் இருக்கும் பஞ்சுதான் அழுக்கு.

பத்தாவது படிக்கும்போதே மாதக் கடைசியில் அலமாரி அலமாரியாகத் தேதி பார்த்து எக்ஸ்பயரி பெட்டியில் எடுத்துப் போட்டவள் நீ. ட்யூபின் மடிப்பில் மையில்லாமல் வெறுமனே அழுத்தியிருக்கும் எண்களை விளக்குக்கு நேரே சாய்த்துப் படிப்பாய். என் கண்ணுக்கு அது அகப்படாது. இன்று ஒரு வங்கிக் கிளையே உன் கையெழுத்தில் நடக்கிறது. ஊரார் தவணைத் தேதியெல்லாம் உனக்குத் தெரிகிறது, உன் முகத்தில் பூசுவதன் தேதி தெரியவில்லை என்றால் நான் என்ன சொல்ல? உன்னைப் பற்றி உனக்கே கவலை விட்டுப்போயிருக்கிறதோ என்றுதான் தோன்றுகிறது.

இரண்டு தேதி பார்க்க வேண்டும். எந்த மாதம், எந்த வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று நம் நாட்டில் லேபிளில் போட்டாக வேண்டும், 2020-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அது பிரிக்காத டப்பாவுக்கு. திறந்த பிறகு பார்க்க வேண்டியது மூடி திறந்த சிமிழ் போன்ற சிறு படத்தை. அதில் 6 எம் என்றால் ஆறு மாதம், 12 எம் என்றால் ஒரு வருடம், திறந்த நாளிலிருந்து. எல்லாப் பொருளிலும் அந்தப் படம் இருக்காது. அதனால் திறந்த அன்றே பேனாவால் தேதியை எழுதி வை. தேதி இருந்தாலும் நிறமோ மணமோ மாறினால் எறிந்துவிடு. விரல் விட்டு எடுக்கும் கிரீமைவிட அழுத்தி எடுக்கும் பாட்டில் நல்லது. சன்ஸ்கிரீனைக் காரில் வைக்காதே, சூட்டில் கெட்டுவிடும். எறிவதை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிடாதே. நமக்கு ஆகாதது அவளுக்கும் ஆகாது. நெயில் பாலிஷ் தீப்பற்றும், அடுப்பங்கரை பக்கம் போடாதே. மஸ்காராவை எறிந்துவிட்டாயா?

உன் பையில் இருந்த எதையும் நான் எறியவில்லை. நீ சொன்னால்தான் எறிவேன். பாட்டியின் மைச்சிமிழை அம்மா அனுப்பச் சொல்கிறாள். கண் முழுக்க ஆறும்வரை அதுவும் வேண்டாம், எதுவுமே வேண்டாம்.

அம்மாவிடம் பேசுவதையாவது நிறுத்தாதே. இரண்டு நிமிடம் போதும். பெரியகுளத்து அத்தை விஷயத்தில் நாம் எல்லோரும் எவ்வளவு நாள் பேசாமல் இருந்தோம் என்று உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை உன் அலுவலக முகவரிக்கே அனுப்புகிறேன், உன் கையிலேயே சேரும்.

ஆடிப்பெருக்குக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் இருவரும் வாருங்கள். கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. பெருக்குக்கு முன்னாலேயே வரத் தோன்றினாலும் வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, ஏன் என்று இங்கே ஒருவரும் கேட்கமாட்டோம். உழவன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்தாகப் பார்த்து எடுத்துவிடுகிறேன். தேதியை மட்டும் சொல்.

அப்பா