படர்தாமரை ட்யூபுக்கும் சீட்டு கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூரில் மருந்துக் கடை கவுன்டரில் நிற்பவன் நான். வெயில் ஏறிவிட்டால் படர்தாமரைக்கு க்ரீம் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். வால் பக்கத்தைச் சுருட்டிப் பிழிந்த பழைய ட்யூபை நீட்டி, "இதையே குடுங்கண்ணா, ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடுது" என்பார்கள்.

அந்த ட்யூபைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் நாலு மருந்து இருக்கும். பூஞ்சைக்கு டெர்பினாபின், பாக்டீரியா போன்ற கிருமிகளுக்கு இரண்டு, அப்புறம் குளோபெட்டசால். அவ்வளவு சீக்கிரம் அரிப்பை அடக்குவது இந்தக் கடைசி மருந்துதான். மிகவும் வீரியமான ஸ்டீராய்டு அது. தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அமுக்கிவிடுவதால் சிவப்பு மறையும், பூஞ்சை மட்டும் பரவிக்கொண்டே இருக்கும். சரியாகிவிட்டது என்று பூசுவதை நிறுத்துவார்கள். கொஞ்ச நாளில் இடுப்பில் இருந்தது தொடைக்கும் வந்திருக்கும். மறுபடி அதே ட்யூப்.

இந்த அரைகுறை வைத்தியத்துக்கு நடுவில் பூஞ்சையும் மாறிவிட்டது. டெர்பினாபின், பூஞ்சையின் ஒரு என்சைமைப் பிடித்து முடக்கி, செல் சவ்வு கட்டவிடாமல் செய்யும் மருந்து. அந்த என்சைமில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் மருந்தின் பிடி நழுவிவிடுகிறது. இப்படி மாறியவை அதிகம் காணப்படும் பூஞ்சைதான் ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே. ஜப்பானில், இந்திய, நேபாள நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து 2020-இல் இந்தப் பெயரை வைத்தார்கள். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது இருந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அதில் ஒருவர் அண்மையில் வெளிநாடு எதற்கும் போகாதவர். டெர்பினாபின் கேட்காமல், இட்ராகொனசோல் என்ற வேறொரு பூஞ்சை மாத்திரை கொடுத்துத்தான் அவருக்குக் குணமானது. அந்த மாத்திரையோ எல்லோருக்கும் ஒத்துவராது. இதயம், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் தர வேண்டும். அதுவும் கேட்காமல் போனால் அடுத்து எதைத் தருவது என்பதே என் கவலை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018-லேயே, தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று எச் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கவுன்டரில் அதை யாரும் கேட்பதில்லை. நான் தராவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்று கடைக்காரர்கள் சொல்வது உண்மைதான். அதனால்தான் ஒரு கடை மட்டும் யோக்கியமாக இருந்து பயனில்லை, எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி கண்காணிப்பு வேண்டும் என்கிறேன். மருந்து ஆய்வாளர்கள் தூக்க மாத்திரைக்குக் கணக்குக் கேட்பது போல இந்த ட்யூப்களுக்கும் கேட்கட்டும்.

உங்கள் இதழில் ஒரு கட்டம் போட்டு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டுகளின் பெயர்களை வெளியிடுங்கள். படர்தாமரைக்கு வாங்கும் ட்யூபில் இவற்றில் ஒன்று இருந்தால், தோல் டாக்டரைப் பார்க்காமல் பூச வேண்டாம் என்றும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர், திருப்பூர்.